120 நாளை எங்கிருந்து எண்ணுவது? கருக்கலைப்புச் சட்டத் திருத்தங்களும் ஃபிக்ஹின் (இஸ்லாமியச் சட்டவியலின்) வாதங்களும்

வாலாஜா ரோடு (இழையைத் தொடங்கியவர்)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

கருக்கலைப்பு பற்றிப் பேச்செடுத்தால் நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒருவர் "ஹராம், அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருவர் "120 நாளுக்குள் என்றால் கூடும்" என்கிறார். அந்த 120 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

துனீசியா, ஈரான், பாகிஸ்தான், இந்தோனேசியா எல்லாம் இந்தச் சட்டத்தில் கை வைத்திருக்கின்றன. எல்லாருக்கும் முன்னால் இருந்தது அதே குர்ஆன், அதே ஹதீஸ். பிறகு ஏன் ஓரிடத்தில் மூன்று மாதம், ஓரிடத்தில் நான்கு மாதம், ஓரிடத்தில் 40 நாள்? நம் நாட்டின் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மார்க்கத் தீர்ப்புக்கும் என்ன உறவு?

திருவல்லிக்கேணி வாசிப்பு வட்டத்துக்குக் குறிப்புகள் திரட்டுகிறேன். கூடுமா கூடாதா என்ற ஒற்றைச் சொல் வேண்டாம். எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.

மண்ணடி மத்ரஸா

வ அலைக்குமுஸ்ஸலாம். அடியிலிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

குர்ஆனில் கருக்கலைப்பு என்று பெயர் சொல்லி ஒரு சட்டம் இல்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற வசனம் (17:31) பிறந்த பிள்ளையைப் பற்றியது. அது கருவையும் தழுவுமா, தழுவினால் எந்தக் கட்டத்திலிருந்து என்பதுதான் அறிஞர்களிடையே உள்ள வழக்கு. 23:12-14 வசனங்கள் கட்டங்களைச் சொல்கின்றன: நுத்ஃபா என்ற துளி, அலகா என்ற ஒட்டிக்கொள்ளும் நிலை, முள்கா என்ற சதைத்துண்டு, எலும்பு, அதன்மேல் சதை, பிறகு "வேறொரு படைப்பு". இந்தக் கடைசிச் சொல்லை விரிவுரையாளர்கள் பலர் ரூஹு என்ற ஆன்மா ஊதப்படுவதாகக் கொண்டார்கள். ஆனால் வசனத்தில் நாள் கணக்கு கிடையாது.

நாள் ஹதீஸில்தான் வருகிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது: 40 நாள், பிறகு அதே அளவு, பிறகு அதே அளவு, அதன்பின் வானவர் வந்து ரூஹை ஊதுகிறார். மூன்று நாற்பது சேர்ந்து 120. ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) அறிவிப்பு முஸ்லிமில் வருகிறது: 42 இரவுகள் கடந்ததும் வானவர் அனுப்பப்பட்டு உருவம், செவி, பார்வை, தோல், சதை, எலும்பு ஆகியவற்றை அமைக்கிறார். இரண்டும் வலுவான அறிவிப்புகள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. முஸ்லிமில் உள்ள இப்னு மஸ்ஊத் வாசகத்தில் "அதிலேயே" என்று பொருள் தரும் சொல் கூடுதலாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, மூன்று கட்டங்களும் முதல் 40 நாளுக்குள்ளேயே நடக்கின்றன என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒரு சொல் 80 நாளை நகர்த்துகிறது.

மத்ஹபுகளுக்கு, அதாவது ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ என்ற நான்கு சட்டப் பள்ளிகளுக்கு வருவோம். ஹனஃபிகளில் 120 நாளுக்கு முன் அனுமதி என்ற கூற்று பிரபலம். ஆனால் காரணம் இல்லாமல் செய்தால் பாவம் என்று அவர்களின் அறிஞர் காஜிகான் சொல்கிறார். இஹ்ராமில் (ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையில்) இருப்பவர் வேட்டைப் பறவையின் முட்டையை உடைத்தால் ஈடு கொடுக்க வேண்டும், ஏனென்றால் பறவை உருவாவது அதிலிருந்துதான். கருவும் அப்படித்தான் என்பது அவருடைய கியாஸ் (ஒப்பீட்டு வாதம்). ஏற்கத்தக்க காரணத்துக்கு அவர்கள் தரும் உதாரணம்: கைக்குழந்தை இருக்கும்போதே கரு தரித்துத் தாய்ப்பால் நின்றுபோய், பால் கொடுக்க வேறொரு பெண்ணை அமர்த்தத் தகப்பனுக்கு வசதியில்லை. ஷாஃபிஈகள் இரண்டாகப் பிரிகிறார்கள். ரமலீ ரூஹுக்கு முன் அனுமதி என்ற பக்கம், இப்னு ஹஜர் ஹைதமீ தடை என்ற பக்கம். கஸ்ஸாலியும் தடைதான், அஸ்லையும் (விந்தை வெளியே விட்டுக் கருவைத் தவிர்ப்பதையும்) கருக்கலைப்பையும் ஒன்றாக்காதீர்கள், பின்னது ஏற்கெனவே உண்டாகிவிட்ட ஒன்றின் மீதான குற்றம், கட்டம் ஏற ஏற அது கடுமையாகிறது என்கிறார். மாலிகீகளில் வலுவான கூற்று 40 நாளுக்கு முன்னரே கூடாது என்பது. ஹன்பலீகளில் 40 நாள் வரை மருந்தால் வெளியேற்றலாம் என்ற கூற்று உண்டு.

120-க்குப் பிறகு தடை என்பதில் நான்கு மத்ஹபும் ஒன்று. தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால்? ஊகத்துக்காக உயிருள்ள ஒன்றைக் கொல்ல முடியாது என்று ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் எழுதியது அன்றைய மருத்துவத்தை வைத்து. இன்று ஆபத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆகவே தாய் வேர், கரு கிளை. இரு தீங்குகளில் சிறியதை ஏற்க வேண்டும் என்ற விதிப்படி தாயைக் காப்பாற்றுவதையே இக்கால அறிஞர்கள் முற்படுத்துகிறார்கள். மக்காவிலுள்ள ராபிதா என்ற உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு சபை 1990-இல் எடுத்த தீர்மானமும் இதுவே. அதோடு இன்னொன்றையும் அது சேர்த்தது: 120 நாளுக்கு முன், குணப்படுத்த முடியாத கடும் குறைபாடு கருவில் இருப்பதாக நம்பகமான நிபுணர் குழு உறுதி செய்து, பெற்றோர் கேட்டால், கலைக்கலாம்.

ஸ்கேன் ரூம்

மகப்பேறு மருத்துவர் தரப்பிலிருந்து ஒரு விஷயம். இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

மத்ரஸா ஹஜ்ரத் சொன்ன 40, 42, 120 எல்லாம் கரு உண்டான நாளிலிருந்து. நாங்கள் "இத்தனை வாரம்" என்று எழுதுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. 28 நாள் சுழற்சியில் கரு உண்டாவது சுமார் 14 நாள் கழித்துத்தான். அதாவது எங்கள் கணக்கில் முதல் இரண்டு வாரம் கருவே இல்லை.

மாற்றிப் பாருங்கள். ஃபிக்ஹின் 40 நாள் என்பது எங்கள் 54 நாள், 7 வாரம் 5 நாள். 42 என்பது சரியாக 8 வாரம். 120 என்பது 134 நாள், அதாவது 19 வாரம் 1 நாள். நம் நாட்டுச் சட்டத்தின் முதல் வரம்பான 20 வாரம் ஃபிக்ஹில் 126-ஆம் நாள். அடுத்த வரம்பான 24 வாரம் என்றால் 154.

"நாலு மாசம் ஆயிடுச்சு டாக்டர், இனிமே கூடாதாமே" என்று வரும் பலர் எங்கள் கணக்கில் 17 வாரத்தில் இருப்பார்கள். மார்க்கக் கணக்கில் அது 105-ஆம் நாள். தவறான எண்ணிக்கையால் ஒரு முடிவு மூடப்படுகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 20 வாரம் வரை சட்டம் விடுகிறது, 120 நாளும் அதுதான் என்று நினைத்து, ஆறு நாள் தாண்டியபின் மனம் நொந்து கேட்பவர்களும் உண்டு.

பாரிமுனை

வழக்கறிஞர் பார்வையில் தொடர்கிறேன். டாக்டர் சொன்ன இந்த 14 நாள், நாடுகளின் சட்டத்தையே கெடுத்திருக்கிறது.

இந்தோனேசியா நல்ல உதாரணம். அங்குள்ள உலமா சபை 2005-இல் ஃபத்வா கொடுத்தது: பாலியல் வன்முறையால் உண்டான கருவையும், கடும் மரபுக்குறை உள்ள கருவையும் 40 நாளுக்குள் கலைக்கலாம். 2009-இல் சுகாதாரச் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்த 2014-இல் வந்த அரசு விதி, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அந்த 40 நாளைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணச் சொன்னது. எண் ஃபிக்ஹிலிருந்து, தொடக்கப்புள்ளி மருத்துவத்திலிருந்து. விளைவு, கரு உண்டானதிலிருந்து 26 நாள்தான். மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்தபின் மிஞ்சுவது சுமார் 12 நாள். அதற்குள் வன்முறைக்கு ஆளான பெண் கர்ப்பத்தைக் கண்டுபிடித்து, சான்று வாங்கி, மருத்துவமனை தேடிப் போய்ச் சேர வேண்டும். யாராலும் முடியாத ஒன்றை அனுமதி என்று எழுதிவைத்தார்கள். 2023-ஆம் ஆண்டுப் புதிய குற்றவியல் சட்டத்தில் அது 14 வாரமாக மாறியது.

பாகிஸ்தான் நாள் கணக்கையே விட்டுவிட்டது. 1990-இல் கிஸாஸ் (பழிக்குப் பழி), தியத் (உயிருக்கான ஈட்டுத்தொகை) அவசரச் சட்டம் வந்தபோது ஆங்கிலேயர் காலத்துக் கருச்சிதைவுப் பிரிவுகளை மாற்றித் தண்டனைச் சட்டத்தின் 338-இல் இரண்டு குற்றங்களை வைத்தார்கள். உறுப்புகள் உருவாகாத கருவைக் கலைப்பது இஸ்காத்-இ-ஹமல். தாயின் உயிரைக் காக்கவோ "அவசியமான சிகிச்சைக்கோ" என்றால் குற்றமில்லை. சில உறுப்புகள் உருவான கருவைக் கலைப்பது இஸ்காத்-இ-ஜனீன். உயிரைக் காக்க மட்டுமே விலக்கு. கரு இறந்து வெளிவந்தால் தியத்தில் இருபதில் ஒரு பங்கு. இந்த இருபதில் ஒரு பங்கு, ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் சண்டையில் கரு இறந்த வழக்கில் நபியவர்கள் தீர்ப்பளித்த 'குர்ரா' என்ற கரு ஈட்டிலிருந்து வருகிறது. ஃபிக்ஹு மொழியை நேராகக் கொண்டுவந்தது மரியாதையான காரியம்தான். ஆனால் உறுப்பு உருவாவது எந்த நாளில் என்று சட்டம் சொல்லவில்லை, அவசியமான சிகிச்சை எது என்றும் சொல்லவில்லை. சிறைத்தண்டனை இருக்கும் இடத்தில் விளக்கம் இல்லையென்றால் மருத்துவர் கை வைக்க அஞ்சுவார்.

ஈரான் 2005: ரூஹுக்கு முன், அதாவது நான்கு மாதத்துக்குள், மூன்று நிபுணர்கள் உறுதிசெய்து, தடயவியல் மருத்துவத் துறை ஒப்புக்கொண்டு, பெண் சம்மதித்தால், கருவின் கடும் குறைபாடு அல்லது தாயின் உயிர் ஆபத்து காரணமாகக் கலைக்கலாம். 2021-இல் மக்கள்தொகையைப் பெருக்கும் சட்டம் வந்து வழியைக் குறுக்கியது. ஃபிக்ஹு மாறவில்லை, அரசின் தேவை மாறியது.

துனீசியா வேறு பாதை. 1965-இல் ஐந்து பிள்ளைகள் உள்ளவர்களுக்கு, 1973-இல் முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும். காரணம் கேட்பதில்லை.

அண்ணா நகர் வாசகர்

நல்ல தகவல்கள். ஆனால் அடிப்படையில் ஒரு கேள்வி. இந்தியாவில் இந்த விஷயத்தில் மதச் சட்டம் செல்லாதே. பிறகு ஏன் ஹனஃபி, ஷாஃபிஈ என்று இவ்வளவு தூரம் போக வேண்டும்?

பாரிமுனை

//மதச் சட்டம் செல்லாதே//

சட்டப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் 2-ஆம் பிரிவு எந்தெந்த விஷயத்தில் முஸ்லிம் தனிநபர் சட்டம் பொருந்தும் என்று பட்டியலிடுகிறது: வாரிசுரிமை, திருமணம், தலாக், மஹர், ஜீவனாம்சம், காப்பாளர் உரிமை, வக்ஃபு முதலியவை. கருக்கலைப்பு அதில் இல்லை. எல்லா மதத்தாருக்கும் 1971 மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் ஒன்றுதான். ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. காஜிகள் தரும் தலாக் சான்று வெறும் கருத்து மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் பதர் சயீத் தொடுத்த வழக்கில் சொன்னது.

பெரியமேடு வாசகி

அண்ணா நகர் நண்பருக்கு. மூளையும் மண்டையோடும் வளராத கரு என்று 13-ஆம் வாரத்தில் தெரிகிறது என்று வையுங்கள். பிழைக்க வழியே இல்லை. சட்டம் அனுமதிக்கிறது. வீட்டில் "ஹராம்" என்று ஒரு சொல் விழுகிறது. பெண் போகவில்லை. எந்தச் சட்டப் புத்தகமும் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. ஆனால் மக்கா சபையின் தீர்மானம் அந்த 13-ஆம் வாரத்துப் பெண்ணுக்கு வழி விட்டிருக்கிறது என்பது வீட்டாருக்குத் தெரியாது. ஃபிக்ஹைப் பேச வேண்டியது இதற்காகத்தான். தெரியாத மார்க்கம் தெரிந்த மார்க்கத்தைவிடக் கடுமையாக இருக்கிறது.

இப்போது என் கேள்விகள். ஒன்று, கணவர் கையெழுத்து வேண்டுமா? மருத்துவமனைகளில் கேட்கிறார்களே. இரண்டு, கர்ப்பமாக இருக்கும்போது தலாக் ஆனவள் கலைத்துவிட்டால் இத்தா, அதாவது மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம், என்ன ஆகும்?

பாரிமுனை

கையெழுத்து: வேண்டாம். சட்டத்தின் 3(4) பிரிவு கேட்பது பெண்ணின் சம்மதம் ஒன்றைத்தான். படிவம் சி-யில் அவர் கையெழுத்து போதும். 18 வயதுக்குக் குறைந்தவர், மனநோயுள்ளவர் என்றால் காப்பாளரின் எழுத்துச் சம்மதம். கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் அரசு வழிகாட்டுதலில் கணவர் சம்மதம் தேவையில்லை. கேட்கிறார்கள் என்றால் அது பின்னால் சண்டை வரக்கூடாது என்ற அச்சம், விதி அல்ல. "எந்த விதியின்படி என்று எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

தலாக்: இந்தச் சட்டத்தின் கீழுள்ள விதி 3பி-யில் 20 முதல் 24 வாரத்துக்குள் அனுமதிக்கப்படும் ஏழு வகைப் பெண்களில் கர்ப்பத்தின்போது மணநிலை மாறியவர்கள், அதாவது விதவையானவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், ஒரு வகை. இதில் ஒரு சிக்கல். ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது. அப்படியானால் மணநிலை மாறவில்லை என்று ஒரு மருத்துவர் மறுக்கலாம். 29-9-2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அங்கே காட்ட வேண்டும். கைவிடப்பட்டது உள்ளிட்ட வாழ்நிலை மாற்றம் எதுவும் இந்த வகைக்குள் வரும் என்று அது விரித்துச் சொன்னது. மணமாகாத பெண்களுக்கும் இதே உரிமை என்றதும், கணவனின் வன்புணர்வையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்வாகவே கொள்ள வேண்டும் என்றதும் இதே தீர்ப்புதான். 18 வயதுக்குக் குறைந்தவர் விஷயத்தில் போக்சோ 19-ஆம் பிரிவின்படி மருத்துவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளத்தை அதில் சொல்லத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

மண்ணடி மத்ரஸா

கணவர் அனுமதி பற்றி ஹனஃபி நூலில் இருப்பதைக் கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும். அத்துர்ருல் முக்தாரில், நான்கு மாதத்துக்கு முன் கலைப்பது "கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும்" ஆகும் என்று சொன்னார்கள் என வருகிறது. அதே மத்ஹபில், உருவம் தெரிந்த கருவைக் கணவன் அனுமதியின்றி மருந்துண்டு கலைத்தால் குர்ரா ஈடு உண்டு என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் பேசுவது நேர்மையில்லை, இரண்டாவதை மட்டும் பேசுவதும் அப்படியே.

இத்தா: கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை (65:4). கலைந்து வெளிவந்ததில் மனித உருவத்தின் அடையாளம், ஒரு விரலோ நகமோ, தெரிந்தால் இத்தா முடிந்தது. அந்த உதிரம் நிஃபாஸ் (பிரசவ உதிரம்). அடையாளம் இல்லாத கட்டியாக இருந்தால் ஹனஃபியில் இத்தா முடியாது. அதன்பின் மூன்று மாதவிடாய் எண்ண வேண்டும். ஷாஃபிஈயில் வெளியில் தெரியாவிட்டாலும் அனுபவமுள்ள மருத்துவப் பெண்கள் மனித உருவம் உண்டு என்று சாட்சி சொன்னால் போதும். ஆகவே சிகிச்சை எத்தனை வாரத்தில் நடந்தது, என்ன வெளிவந்தது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. மறுமணம் பேசும்போது இந்தச் சீட்டு இல்லாமல் அல்லாடுவார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், கேட்கத் தயங்குவார்கள். நான்கு மாதம் நிறைந்து வெளிவந்த கருவைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி அடக்க வேண்டும். உயிர் அடையாளம் இல்லாவிட்டால் ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் ஜனாஸா தொழுகை இல்லை, ஹன்பலீயில் உண்டு.

ஸ்கேன் ரூம்

அடக்கம் பற்றி ஹஜ்ரத் சொன்னதற்கு நடைமுறை: 2016 மருத்துவக் கழிவு விதியில் உயிர்வாழும் பருவத்தை எட்டாத கரு மஞ்சள் பை வகையில் வருகிறது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அந்தப் பைக்குத்தான் போகும். அடக்கம் செய்ய விரும்பினால் அட்மிஷன் போடும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தியேட்டரிலிருந்து வந்தபின் கேட்டால் தாமதமாகிவிடும்.

வாலாஜா ரோடு

கருத்தடை பற்றி ஒரே வரி யாராவது? இதுவும் அஸ்லிலிருந்து வந்த கியாஸ்தானே?

மண்ணடி மத்ரஸா

ஆம். "குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் அஸ்ல் செய்துவந்தோம்" என்ற ஜாபிர் (ரலி) அறிவிப்புதான் மூலம். தடை வேண்டியிருந்தால் வசனம் வந்திருக்கும் என்பது அதிலுள்ள வாதம். ஜுதாமா (ரலி) அறிவிப்பில் அது "மறைமுகமாக உயிரோடு புதைப்பது" என்று வருவதால் சிலர் வெறுத்தார்கள். மூன்று மத்ஹபுகள் மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக்கின, ஏனென்றால் பிள்ளையில் அவளுக்கும் உரிமை உண்டு. மாத்திரை, காண்டம், காப்பர்-டி எல்லாம் இந்தக் கியாஸில் தற்காலிகத் தடுப்பாக வரும். நிரந்தரக் கருத்தடையை இதில் சேர்க்க மறுப்பது, அஸ்லில் திரும்பும் வழி இருக்கிறது, இதில் இல்லை என்பதால். இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் நிர்ப்பந்தம் என்ற விதி வரும்.

பெரியமேடு வாசகி

ஷாஃபிஈ குடும்பம் ஹனஃபி கருத்தை எடுக்கலாமா? சென்னையில் இரண்டும் ஒரே தெருவில் இருக்கிறது. வசதிக்குத் தகுந்தபடி மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வருகிறதே.

மண்ணடி மத்ரஸா

தேவை இருக்கும்போது இன்னொரு மத்ஹபைப் பின்பற்றலாம் என்பது ஏற்கப்பட்டது. நிபந்தனை, அதன் அனுமதியை எடுத்தால் அதன் கட்டுப்பாட்டையும் எடுக்க வேண்டும். ஹனஃபியின் 120 நாளை எடுத்துவிட்டு, ஹனஃபி கேட்கும் காரணத்தை விட்டுவிடக் கூடாது.

சட்டச் சீர்திருத்தத்திலும் இந்த வழிதான் பயன்பட்டது, நம் நாட்டிலேயே. கணவன் காணாமல் போனாலும் கைவிட்டாலும் ஹனஃபியில் பெண்ணுக்கு வெளியேற வழி மிகக் குறுகல். அஷ்ரஃப் அலி தானவீ மாலிகீ அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு எழுதினார். 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் மாலிகீ கருத்தை எடுத்துக்கொண்டு வந்தது. உலமாக்கள் முன்னின்று செய்த திருத்தம் அது. இந்தோனேசியாவில் 2005-இல் நடந்ததும் இதே வகை இஜ்திஹாத் (ஆய்ந்து முடிவெடுத்தல்). அங்கே தவறியது ஃபத்வா அல்ல, அதை விதியாக எழுதியவர்களின் நாள் கணக்கு.

ஸ்கேன் ரூம்

நாள் கணக்கு என்றதும் ஒரு நேரடி உதாரணம் போட்டுவிடுகிறேன். கடைசி மாதவிடாய் ஜனவரி 1, சுழற்சி 28 நாள், லீப் வருடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 15 கரு உண்டான நாள். ஜனவரி 29 மாதவிடாய் வரவேண்டிய நாள். பிப்ரவரி 10 இந்தோனேசியப் பழைய விதியின் 40. பிப்ரவரி 24 ஃபிக்ஹின் 40, பிப்ரவரி 26 அதன் 42. மே 15 ஃபிக்ஹின் 120. மே 21 சட்டத்தின் 20 வாரம். ஜூன் 18 சட்டத்தின் 24 வாரம்.

இப்போது பரிசோதனைகளை இதில் வையுங்கள். என்டி ஸ்கேன் (கருவின் கழுத்துப் பின்புற நீரை அளப்பது) 11 முதல் 13 வாரம் 6 நாள் வரை, அதாவது மார்ச் 19 முதல் ஏப்ரல் 8 வரை. மண்டையோடு வளராதது போன்ற பெரிய குறைகள் இங்கேயே தெரியும். பரம்பரை இரத்தக் குறையான தலசீமியாவின் மரபணு இரு பெற்றோருக்கும் இருந்தால் 12 வாரத்தில், மார்ச் 26-இல், நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கலாம். முடிவு வர இரண்டு வாரம் என்றாலும் ஏப்ரல் 9. 120-ஆம் நாளுக்கு ஐந்து வாரத்துக்கு மேல் மிச்சம். அதே கேள்விக்கு 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தால் ஏப்ரல் 23. செல் வளர்ப்பு முடிவுக்கு மூன்று வாரம் ஆனால் மே 14. ஒரே ஒரு நாள் மிச்சம்.

கருவின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் டிஃபா ஸ்கேன்தான் பெரிய சிக்கல். 18 வாரத்தில், மே 7-இல், எடுத்தால் எட்டு நாள் இருக்கிறது. 20 வாரத்தில் எடுத்தால் 120 தாண்டி ஆறு நாள். இதயக் குறைகள் பல இந்த ஸ்கேனில்தான் தெரிகின்றன, 18-இல் சில சமயம் தெளிவில்லாமல் மறுபடி வரச் சொல்வோம். மார்க்கக் கணக்கு முக்கியம் என்று நினைப்பவர்கள் 18-ஆம் வாரம் தொடங்கியதும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள், அந்தக் காரணத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டிய குடும்பங்களில் தலசீமியா இரத்தப் பரிசோதனையைக் கர்ப்பத்துக்கு முன்பே இருவருக்கும் செய்வது எல்லாவற்றையும்விட நல்லது.

பிழை எங்கே வரும்? சுழற்சி சீராக இல்லாதவர்களுக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி உதவாது. முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் தேதிதான் நம்பகம், அதிலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் இருக்கும். ஐந்தாம் மாதம் முதல் ஸ்கேன் எடுத்து நாள் கேட்டால் பிழை இன்னும் கூடும். பிக்மி எண்ணுக்கு (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) 12 வாரத்துக்குள் பதிவு செய்யும்போதே இந்த ஸ்கேனையும் முடித்துவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை அந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் உயிர் போகும்.

அண்ணா நகர் வாசகர்

ஐந்து நாள் முன்பின் என்றால் 117-ஆம் நாளில் இருப்பவர் 120-ஐத் தாண்டினாரா என்பதே தெரியாதே. ஃபிக்ஹு இதை எப்படிக் கையாளும்?

மண்ணடி மத்ரஸா

மிக நல்ல கேள்வி. இரண்டு விதிகள் மோதும் இடம். "உறுதியானது சந்தேகத்தால் நீங்காது" என்பது ஒன்று. ரூஹு ஊதப்படாத நிலைதான் முன்பு உறுதியாக இருந்தது. ஊதப்பட்டதா என்பது சந்தேகம். ஆகவே பழைய நிலையே தொடரும் என்று ஒருவர் சொல்லலாம். உயிர் விஷயத்தில் பேணுதலே (எச்சரிக்கையாக இருப்பதே) முதன்மை, சந்தேகம் வந்தால் ஊதப்பட்டதாகவே கொள் என்று இன்னொருவர் சொல்லலாம். என் சாய்வு இரண்டாவது பக்கம். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, அங்கே நாள் பார்ப்பதில்லை.

பாரிமுனை

பேணுதலில் நான் ஹஜ்ரத்தோடு மாறுபடுகிறேன். பேணுதல் என்று சொல்லிச் சொல்லித்தான் 120 நாள் 110 ஆகி, 100 ஆகி, கடைசியில் "எப்போதுமே கூடாது" என்று வீட்டில் போய் முடிகிறது. முன்னோர் திறந்துவைத்த இடத்தைப் பிழை வரம்பின் பெயரால் நாம் மூடக் கூடாது. பிழை இருபுறமும் உண்டு. 123 என்று எழுதப்பட்டவர் 118-இலும் இருக்கலாம்.

24 வாரத்துக்குப் பிந்தைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 20 முதல் 24 வரை விதி 3பி வகையினருக்கு இருவர் கருத்து. 24-க்குப் பிறகு கருவின் கடும் குறைபாட்டுக்கு மட்டும், அரசு அமைத்த மருத்துவ வாரியத்தின் வழியாக. வாரியம் 3 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கோரிக்கை வந்த 5 நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும். உடனடியாகத் தாயின் உயிரைக் காக்க வேண்டுமென்றால் பிரிவு 5-இன்படி வார வரம்பே இல்லை. மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், வாய்மொழி மறுப்பை வைத்து மனு எழுதுவது கடினம். பெயரை வெளியிடும் மருத்துவருக்கு 5ஏ பிரிவில் ஓராண்டு வரை தண்டனை உண்டு. தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மருந்துக்கடைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மண்ணடி மத்ரஸா

வழக்கறிஞர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேணுதல் கேட்பவருக்கு ஆலோசனை, சுமத்தும் சட்டமல்ல. 117-இல் நிற்பவர் கேட்டால் என் சாய்வையும் சொல்வேன், மாற்றுக் கருத்து இருப்பதையும் மறைக்க மாட்டேன்.

டாக்டரிடம் ஒன்று கேட்கிறேன். எங்களிடம் வருபவர்கள் கடைசி மாதவிடாய்த் தேதியை வெட்கத்தால் சொல்வதில்லை, ஆண்கள் வந்து கேட்டால் அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. வேறெதை வைத்து 120-ஐக் கணக்கிடலாம்?

ஸ்கேன் ரூம்

முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி போட்டிருக்கும். அதிலிருந்து 146 நாள் பின்னால் எண்ணுங்கள், அதுதான் 120-ஆம் நாள். மேலே சொன்ன உதாரணத்தில் பிரசவத் தேதி அக்டோபர் 8. 146 நாள் பின்னால் போனால் மே 15. கேட்க வேண்டியது அந்த ஒரு காகிதத்தை மட்டும்தான். பின்னால் எடுத்த ஸ்கேன்களில் தேதி கொஞ்சம் மாறியிருக்கும், அதை எடுக்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததையே பாருங்கள். சோதனைக் குழாய் முறையில் கரு உண்டானவர்கள் என்றால் முட்டை எடுத்த தேதியே தொடக்கம், அதில் சந்தேகமே இல்லை.

மண்ணடி மத்ரஸா

ஜஸாகல்லாஹு கைரன். "எத்தனை மாதம்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு இனி முதல் ஸ்கேன் சீட்டைக் கேட்கும்படி மாணவர்களுக்குச் சொல்கிறேன். 146 என்ற எண்ணைப் பாடக்குறிப்பில் சேர்த்தாயிற்று.